சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடித்த பையனைப் பெரிய ஏர்லைன்ஸ் எடுக்குமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தகப்பனார், 2024 மார்ச் 2

மகன் இந்த வருடம் மெட்ரிக், பள்ளியின் கடைசி வருடம். பைலட் ஆக வேண்டும் என்கிறான். 200 மணி நேரம் பறந்தால் லைசென்ஸ், லைசென்ஸ் வந்தால் வேலை என்று பயிற்சிப் பள்ளியில் சொல்கிறார்கள். பெரிய கம்பெனி எடுக்க உண்மையில் என்ன தகுதி வேண்டும்? வீட்டின் மேல் கடன் வாங்கப் போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு இரவு

இதையே நம்பித்தான் நானும் 2003இல் திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கினேன். ஹெவி லைசென்ஸ் எடுத்தவனெல்லாம் மறுநாளே ஆம்னி பஸ் ஓட்டுகிறானா? அதே கதைதான் இதுவும்.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் கேட்பது கொஞ்சம். சிபிஎல்லுக்கு 18 வயது, 200 மணி நேரம், 8 பேப்பர், ஒவ்வொன்றிலும் 100க்கு 75. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ஒன்றுக்கு மேல் எஞ்சின் உள்ள விமானத்துக்கு மல்டி எஞ்சின் ரேட்டிங், இரண்டும் இல்லாமல் ஏர்லைன்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அடுத்த படியான ஏடிபிஎல் (ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ்) பேப்பர்களையும் எழுதி முடித்தவனிடம் இருப்பதை ‘ஃப்ரோசன் ஏடிபிஎல்’ என்பார்கள். பரீட்சை ஆயிற்று, மணி நேரம் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 1500 மணி சேர்ந்து டெஸ்ட்டும் முடிந்தால் அது உருகி முழு ஏடிபிஎல் ஆகும். அது இல்லாமல் ஏர்லைன்ஸில் கேப்டன் ஆக முடியாது. கோ-பைலட் சீட்டுக்குச் சட்டப்படி சிபிஎல் போதும். கம்பெனிக்குப் போதுமா என்பது வேறு பஞ்சாயத்து.

பள்ளியில் மேத்ஸ் லிட்ரசி என்கிற சுலபக் கணக்கை எடுத்திருந்தால் கதவு மூடியது. ப்யூர் மேத்ஸும் பிசிக்கல் சயின்ஸும் கட்டாயம்.

இதெல்லாம் பிறகு. ஒரு ராண்ட் கட்டுவதற்கு முன் பையனைக் கமர்ஷியல் பைலட்டுக்கான கிளாஸ் 1 மெடிக்கலுக்கு அனுப்புங்கள். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் பையன் ஒருவன் என்னிடம் படித்தான். கை அவ்வளவு சுத்தம். குறுக்கே காற்று அடித்தாலும் ரன்வேயின் நடுக்கோட்டில் சக்கரம் வைப்பான். பிரைவேட் லைசென்ஸுக்கான கிளாஸ் 2 மெடிக்கலில் ‘பகலில் மட்டும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தது. வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன், நானும்தான். பிரைவேட் லைசென்ஸ் வாங்கி, மணி நேரம் சேர்த்து, பாதிப் பணம் கரைந்த பிறகு கிளாஸ் 1க்குப் போனான். இஷிஹாரா அட்டை தெரியும்தானே, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். 74 இருந்த அட்டையைக் காட்டினார் டாக்டர். அவன் 21 என்றான். சிவப்பு-பச்சைக் குறை இருப்பவர்களுக்கு அந்த அட்டையில் 21தான் தெரியும். இப்போது உம்லங்காவில் நிலம் வாங்கி விற்கிறான், என்னைவிட வசதியாக இருக்கிறான். ஆனால் விமானச் சத்தம் கேட்டால் இன்னும் அண்ணாந்து பார்க்கிறான்.

மார்ச் 4

மேத்ஸ் லிட்ரசி விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். வெருலத்திலிருந்து ஒரு டீச்சரம்மா பிடித்துக்கொண்டார். கணக்கும் இயற்பியலும் வேண்டும் என்று கறாராகக் கேட்பது, கம்பெனிகளே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்கள்; பிறகு இந்தியாவில் லைசென்ஸ் தரும் டிஜிசிஏ. மற்றபடி லிட்ரசி எடுத்துவிட்டு சிபிஎல் முடித்தவர்கள் இருக்கிறார்கள். கதவு மூடவில்லை, ஒருக்களித்துச் சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 6

நியூஜெர்சியிலிருந்து ஒருவர், “எங்கும் 1500 மணி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள், மக்களை ஏமாற்றாதீர்கள்” என்று காட்டமாக எழுதியிருக்கிறார். அது அவர் ஊர்ச் சட்டம். 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால் 2013இலிருந்து அமெரிக்காவில் கோ-பைலட்டுக்கும் ஏடிபி, அதாவது நம் ஏடிபிஎல், வேண்டும். ராணுவத்தில் பறந்தவருக்கு 750 மணி, விமானத் துறையில் டிகிரி இருந்தால் 1000 என்று தள்ளுபடியும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த விமானத்தின் கேப்டனுக்கு 3379 மணி, கோ-பைலட் பெண்ணுக்கு 2244 மணி. இரண்டு பேருமே 1500ஐத் தாண்டியவர்கள். வேகம் குறைந்து, இறக்கை காற்றில் பிடிப்பை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது மூக்கைக் கீழே தள்ள வேண்டிய கை மேலே இழுத்துவிட்டது. களைப்பும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மணிக்கணக்கு தகுதிக்கு அளவுகோலா என்று அங்கேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கேடட் திட்டத்தில் வந்த பையன்கள் ஏறக்குறைய 200 மணியோடு ஏ320 ஜெட்டின் வலது சீட்டில், கோ-பைலட்டாக, உட்கார்கிறார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில். சட்டம் ஐரோப்பா மாதிரி, வேலைச் சந்தை வேறு மாதிரி.

டிகிரி வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். இங்கே கேட்பதில்லை. அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ்கூட 2022 ஜனவரியில் நான்கு வருட டிகிரி கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது.

மார்ச் 9, சனி

200க்கும் 1500க்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான பாலைவனம். அதைப் பற்றிப் பள்ளிகளின் விளம்பர அட்டையில் ஒரு வரி இருக்காது.

நான் கடந்தது இன்ஸ்ட்ரக்டர் வழியாக. இன்ஸ்ட்ரக்டருக்கு ஆரம்பப் படியான கிரேடு 3 ரேட்டிங் எடுத்து, ஒரு மூத்த இன்ஸ்ட்ரக்டரின் மேற்பார்வையில் டர்பனின் வர்ஜீனியாவில் சொல்லிக்கொடுத்தேன். பார்க்காதவர்களுக்கு: கடற்கரைக்கும் எம்4 சாலைக்கும் நடுவே செருகிவைத்த மாதிரி ஒரு சின்ன ஏர்போர்ட், கடல் மட்டத்திலிருந்து 20 அடி. செஸ்னா 172இல் காலை முழுக்க இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு. மாணவன் ஓட்டுகிறான், மணி நம் கணக்கிலும் ஏறுகிறது, அவன் பணத்தில். இதைவிட நல்ல பேரம் உலகத்தில் உண்டா என்று முதல் மாதம் நினைத்தேன். மூன்றாம் மாதம் முதுகு சொன்னது, உண்டு என்று.

ஆனால் கற்றுக்கொண்டது அங்கேதான். டோங்காட் பக்கம் போனால் கீழே கரும்பு. வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவார்கள். மாணவனிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் கருவியைத் தேடுவான். “கீழே பாரு, புகை சொல்லும்” என்பேன். என் மனைவியின் பாட்டன் பூட்டன் சென்னையிலிருந்து கப்பலேறி வந்து வெட்டியது இந்தக் கரும்பைத்தான். 1500 அடி உயரத்திலிருந்து அதன் மேல் வட்டம் போடும்போது சில நாள் பேச்சு வராது. சரி, அது வேறு கதை.

கடலோரத்தில் படித்த பையன்களுக்கு ஒரு எச்சரிக்கை. 20 அடியில் துள்ளிக் கிளம்புகிற அதே செஸ்னா ஜோகன்னஸ்பர்க்கில் கிளம்பாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓ.ஆர். டாம்போ 5,558 அடி உயரம். கோடை மதியத்தில் காற்று இன்னும் மெலியும். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிப்பு கிடைக்காது. டென்சிட்டி ஆல்டிட்யூட் என்கிற இந்தக் காற்று மெலியும் கணக்கைப் பற்றிய கேள்வி நான் போன எல்லா இன்டர்வியூவிலும் வந்தது. புத்தகத்திலிருந்து ஒப்பித்தவனையும் ரன்வே முடியப்போகிறதே என்று ஒரு தடவை வியர்த்தவனையும் எதிரே இருப்பவர் அரை நிமிடத்தில் பிரித்துவிடுவார்.

இன்னொரு வழி போட்ஸ்வானா, மவுன். ஒகவாங்கோ டெல்டாவுக்கு வரும் சுற்றுலாக்காரர்களைச் சின்ன விமானத்தில் காட்டு முகாம்களுக்குக் கொண்டுபோவது. பையன்கள் கூடாரத்தோடு போய் உட்கார்ந்து, கம்பெனி கம்பெனியாகக் கதவைத் தட்டி, பயோடேட்டா கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். 2007இல் நானும் இருந்தேன். செஸ்னா 206, பிறகு கேரவன். மண் ரன்வே, மதிய வெயிலில் தூக்கிப்போடும் காற்று, பின்னால் வாந்தி எடுக்கும் ஜெர்மன் தம்பதி, கூட யாரும் இல்லை, எல்லா முடிவும் நம்முடையது.

மார்ச் 10

காட்டு ரன்வேயில் யானை வருமாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், யானை உண்மைதான். ரன்வேயில் நின்றால் ஒருமுறை தாழப் பறந்து விரட்டிவிட்டுத் திரும்பி வந்து இறங்க வேண்டும். இல்லை, இதற்கு, பறந்த மணியை எழுதிவைக்கும் லாக்புக்கில் தனிக் கட்டம் கிடையாது.

ஆங்கிலத் தகுதி பற்றிக் கேட்டவருக்கு: ஐகாவோ என்கிற சர்வதேச விமானத் துறை அமைப்பின் அளவில் குறைந்தது லெவல் 4. லெவல் 6 வாங்கிவிட்டால் மறுபடி டெஸ்ட் இல்லை. டர்பன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்மொழி மாதிரி, லெவல் 6 சுலபம். டெஸ்டரிடம் போய், எப்படி இருக்கீங்க என்பதற்கு டர்பன் பாணியில் “வாட் கைண்ட்?” என்று ஆரம்பிக்காமல் இருந்தால் சரி. எனக்கு முதல் தடவை 5தான் கிடைத்தது. திருநெல்வேலி நாக்கு.

மார்ச் 15, வெள்ளி

லாக்புக் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு முதல் பெரிய வேலை கிடைக்காமல் போனது அதில்தான்.

2008. கம்பெனி பெயர் வேண்டாம். சைக்கோமெட்ரிக் டெஸ்ட், குழு விவாதம் இரண்டையும் தாண்டிவிட்டேன். சிமுலேட்டருக்கு முன் ஒரு கேப்டன், சாம்பல் மீசை, என் லாக்புக்கை வாங்கி மேஜையில் வைத்து ஒரு கால்குலேட்டர் எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். முதல் பக்கத்தைத் திறந்தார்.

படிக்கிற காலத்தில் நான் 1 மணி 45 நிமிடத்தை 1.45 என்று எழுதிவைத்திருந்தேன். 1 மணி 30 நிமிடம் 1.30. 50 நிமிடம் 0.50. எழுதியதில் தப்பில்லை, கூட்டியதில்தான் தப்பு. மூன்றையும் தசமமாகக் கூட்டி 3.25 என்று போட்டிருந்தேன். உண்மையில் 4 மணி 5 நிமிடம். இப்படியே பல பக்கம். எனக்கு நானே மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

“குறைவாகத்தானே எழுதியிருக்கிறேன் சார்” என்றேன், சிரித்துக்கொண்டு. அவர் சிரிக்கவில்லை. “பறந்த மணியையே உன்னால் கூட்ட முடியவில்லை. எரிபொருள் கணக்கை உன்னை நம்பி எப்படிக் கொடுப்பது?” என்றார். சிமுலேட்டருக்குக் கூப்பிடவே இல்லை.

ஆகவே தம்பிகளே, முதல் நாளிலிருந்து தசமத்தில் எழுதுங்கள். ஆறு நிமிடத்துக்கு 0.1. பக்க முடிவில் கூட்டி, அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனதை இன்னொருவரை விட்டுச் சரிபாருங்கள்.

மார்ச் 16

“குறைவாக எழுதியதற்கு யாராவது வேலை தராமல் இருப்பார்களா, கதையில் ஏதோ இடிக்கிறது” என்கிறார் மெர்பேங்க்காரர் ஒருவர். இடிக்கட்டும். நடந்ததைத்தான் எழுதினேன்.

மார்ச் 20

இங்கே படித்துவிட்டு இந்தியாவில் வேலைக்குப் போகலாமா என்று கேட்ட திருச்சித் தம்பிக்கு: தென்னாப்பிரிக்காவில் படித்தால் செலவு குறையலாம், வானிலையும் நல்லது. ஆனால் இந்திய ஏர்லைன்ஸ் வேண்டுமென்றால் இந்த லைசென்ஸை டிஜிசிஏவில் மாற்ற வேண்டும். அவர்கள் பரீட்சை தனி, மெடிக்கல் தனி. கிளம்புவதற்கு முன்பே இந்திய மெடிக்கலை முடித்துவிடு. இங்கே வந்து பாதியில் தெரிந்துகொள்ளாதே. ஃபீனிக்ஸ் பையன் கதையை மேலே போய் இன்னொரு தடவை படி.

மார்ச் 27

இன்று டெனரீஃப் தீவு விபத்து நடந்த நாள். 1977இல் இதே தேதியில் பனிமூட்டத்தில் கேஎல்எம், பான் ஆம் ஜம்போக்கள் இரண்டும் ரன்வேயிலேயே மோதி 583 பேர் போனார்கள். கேஎல்எம் கேப்டன் அந்தக் கம்பெனியின் நட்சத்திரம், மற்றவர்களுக்குப் பயிற்சி தருபவர். டேக்-ஆஃப் ஓட ஆரம்பித்த பிறகு ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டார், அந்த பான் ஆம் இன்னும் ரன்வேயை விட்டு விலகவில்லையோ என்று. கேப்டன் விலகிவிட்டது என்றார். எஞ்சினியர் அதற்குமேல் பேசவில்லை.

இது நம் பிள்ளைகளுக்கான தகுதிப் பட்டியலில் வர வேண்டும், அதனால் எழுதுகிறேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கிறோம். ‘தாத்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்.’ அந்தப் பையனை இன்டர்வியூவில் கேட்பார்கள்: “கேப்டன் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்குகிறார், ரன்வே தெரியவில்லை, நீ என்ன செய்வாய்?” நான் தயார் செய்த ஒரு பையன், நல்ல பிள்ளை, “சாரிடம் மரியாதையாக ஞாபகப்படுத்துவேன்” என்றான். அவர் கேட்கவில்லை என்றால்? “மறுபடி ஞாபகப்படுத்துவேன்.” அதற்குள் தரை வந்துவிடும்! “கோ அரௌண்ட்”, அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள், என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் விமானத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ வாயாடிப் பிள்ளைங்களுக்குத்தான் வேலை கிடைக்குமா?” என்றார். இல்லை ஆயா. வாயாடியை சிமுலேட்டரில் கழித்துவிடுவார்கள். எஞ்சின் ஒன்றை அணைத்துவிட்டு, பக்கத்துச் சீட்காரனிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறானா, எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுக்கொள்கிறானா என்று பார்ப்பார்கள்.

ஏப்ரல் 2

டோங்காட்டிலிருந்து: “சிபிஎல் முடிந்தது, இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ஒரு ரக விமானத்தை ஓட்டும் தகுதி) எடுத்துவிட்டால் உடனே எடுத்துக்கொள்வார்களா?”

வேண்டாம். விளம்பரத்தில் டைப் ரேட்டிங் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த விமானத்தில் பறந்த மணியையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். உன் கையில் பூஜ்ஜியம். அந்த ரேட்டிங்கையும் சும்மா வைத்திருக்க முடியாது, குறித்த காலத்துக்குள் சிமுலேட்டர் செக் கொடுத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கும் காசு. எடுக்கும் கம்பெனியே பயிற்சி கொடுத்து, பதிலுக்கு இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று பாண்ட் போட்டால் போடட்டும்.

இன்னொன்று, பெரிய தகுதி, யாராலும் வாங்க முடியாதது: சரியான வருடத்தில் பிறந்திருப்பது. 2019 டிசம்பரில் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ், கம்பெனி மூழ்காமல் காப்பாற்றும் பிசினஸ் ரெஸ்க்யூ நடவடிக்கைக்குப் போனது. 2021 ஜூலையில் மேங்கோ ஏர்லைன்ஸ் நின்றது. 2022 ஜூனில் குலூலாவை நடத்திய காம்ஏர் மூடியது. ஆயிரக்கணக்கில் மணி வைத்திருந்த கேப்டன்கள் எல்லாம் வேலை தேடிக்கொண்டிருந்த சந்தையில் 200 மணிப் பையன் என்ன செய்வான்? நானும் 2020இல் வேலை இல்லாமல் வீட்டில்தான். அன்றிலிருந்து மாலை வகுப்பில் மெட்டியாராலஜி, அதாவது வானிலைப் பாடம், சொல்லிக்கொடுக்கிறேன். பலர் வளைகுடாவுக்குப் போனார்கள், இங்கே ஃப்ளைசஃபேர், ஏர்லிங்க் மாதிரிக் கம்பெனிகளில் இடம் திறந்தது. மார்ச் 3இல் நான் போட்ட பட்டியலைத் திரும்பப் படித்தால், எல்லாம் பையன் கையில் இருப்பது மாதிரி எழுதியிருக்கிறேன். பாதிதான் அவன் கையில். மீதிப் பாதிக்குக் கையில் இன்னொரு தொழில் வேண்டும். டிகிரி ஏர்லைன்ஸுக்கு வேண்டாம், உனக்கு வேண்டும்.

ஏப்ரல் 5, நள்ளிரவு

மெர்பேங்க்காரரே, கதை இடிக்கத்தான் செய்தது.

அந்த வேலைக்கு 1000 மணி கேட்டிருந்தார்கள். நான் 1004 காட்டினேன். ஆனால் வர்ஜீனியா நாட்களில் ஒரு பக்கத்தின் மொத்தம், 11.4 மணி, அடுத்த பக்கத்துக்கு இரண்டு தடவை ஏறியிருந்தது. தெரியாமல் நடந்தது. இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் முன்பு தெரிந்தும்விட்டது. கழித்தால் 992.6. ஆயிரத்துக்குக் கீழே. விட்டுவிட்டேன்.

கேப்டன் முதலில் 1.45 விவகாரத்தைப் பிடித்தார். எரிபொருள் பேச்செல்லாம் உண்மை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்தது. “இது உனக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். அவர் விரலை அந்த வரியின் ஓரத்துக்கு நகர்த்தினார். அங்கே பென்சிலில் ஒரு சின்னக் கேள்விக்குறி, என் கையெழுத்தில். கண்டுபிடித்த அன்று நானே போட்டது, அழிக்க மறந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் திரும்பக் கூட்டினேன். குறைத்து எழுதியது மொத்தம் 14.4 மணி. இரண்டையும் ஒழுங்காகத் திருத்தியிருந்தால் 1007.

16 வருடம் இதைப் பாதியாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், மனைவியிடம் உட்பட. அவள் இப்போது இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 6

இல்லை, மனைவியோடு சமாதானம் ஆகிவிட்டது. பன்னி சௌ வாங்கிக்கொடுத்தேன், குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவார்களே அது, மட்டன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

சாட்ஸ்வொர்த் தகப்பனார் தனியாக எழுதியிருந்தார். பையன் கிளாஸ் 1 மெடிக்கல் பாஸ், 74ஐ 74 என்றே படித்தானாம். கடன் வாங்குவதை மெட்ரிக் முடியும் வரை தள்ளிவைத்திருக்கிறார். அதுவரை மாதம் ஒரு மணி மட்டும் பறக்கட்டும் என்று முடிவு. முதல் பாடம் நேற்று முடிந்ததாம், புது லாக்புக்கின் முதல் வரியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

பையன் 0.55 என்று எழுதியிருக்கிறான்.

அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு, காற்று எழுவதற்கு முன், வர்ஜீனியா வாசலுக்கு அழைத்து வாருங்கள். லாக்புக்கும் பேனாவும் கொண்டுவரட்டும். பென்சில் வேண்டாம்.